மருமகன் ஆறாம் வகுப்பு சேரப் போகிறான்

வாய்யா மருமகனே, உக்காரு. கையில என்ன அது? ஓ, டவுன் பள்ளிக்கூடத்து விண்ணப்பமா? எம் பேத்திக்கு அஞ்சாவது முடியப் போகுது, ஆறாவதுக்கு எடம் பிடிக்கணும், அதுக்கு மாமன்கிட்ட ரோசனை கேக்க வந்திருக்க. ரோசனை கேக்க வர்றவன் முடிவை எடுத்துட்டுத்தான் வருவான்னு எனக்கும் தெரியும். அதனால உன் முடிவுல நான் கை வைக்கல. நீ செய்யறதெல்லாம் சரின்னே வச்சுக்குவோம். அதை இன்னும் முறையாச் செய்யறது எப்படின்னு மட்டும் சொல்றேன், கேட்டுக்க.

மொத வேலை, நம்ம ஊருக்குக் கிழக்க இருக்கே கவர்மெண்டு மேல்நிலைப் பள்ளிக்கூடம், அந்தத் திசையில தலைவச்சுப் படுக்காத. பஸ்ஸுல தாண்டிப் போகும்போதுகூட மொகத்தை அங்கிட்டுத் திருப்பிக்க. எட்டிப் பாத்துத் தொலைச்சா மனசு மாறிப் போனாலும் போயிரும். ஆறாவதுலேருந்து எட்டாவது வரைக்கும் படிக்கிற பிள்ளைக்கு மூணு கிலோமீட்டருக்குள்ள பள்ளிக்கூடம் இருக்கணும்னு கல்வி உரிமைச் சட்டத்து விதியில எழுதி வச்சிருக்காங்க. எழுதுனவங்க உன்னையப் பாத்ததில்ல. இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தாத்தான் உனக்கு அது பள்ளிக்கூடம். காலையில ஏழு மணிக்கு வேன்ல ஏறுற பிள்ளை ஊர் ஊராச் சுத்திப் போயி எறங்கணும். அப்பத்தான ஃபீசு குடுத்த திருப்தி இருக்கும்.

போன வருசம் காளங்கன்னு வாங்கச் சந்தைக்குப் போனியே, ஞாபகம் இருக்கா? பல்லைப் பிடிச்சுப் பாத்த, சுழி பாத்த, நாலு எட்டு நடக்கவிட்டுப் பாத்த. தரகன் துண்டுக்குள்ள கையவிட்டு விரலைப் பிடிச்சப்பகூட அசையல நீ. அந்தப் பள்ளிக்கூடத்துல என்னய்யா பாத்தன்னு கேட்டா, “வாசல்ல பெரிய ஆர்ச்சு மாமா, உள்ள நீச்சல் குளம்”ங்கிற. குளத்துல தண்ணி கெடக்கா? “கவனிக்கல மாமா.” கணக்கு வாத்தியாரு யாரு, எம்புட்டு நாளா இருக்காரு? “கேக்கல மாமா.” மாட்டுக்குக் குடுத்த மரியாதையில பாதியாச்சும் எம் பேத்திக்குக் குடுக்கலாமில்ல?

சரி, விண்ணப்பத்தைக் காட்டு. அப்பா படிப்பு, அம்மா படிப்பு, அப்பா வருமானம், அம்மா வருமானம், வீட்டில் பேசும் மொழி... பிள்ளையப் பத்தி ஒரு பக்கம், மிச்சம் பூராம் உங்களைப் பத்தியில்ல கேட்டிருக்கான்? ஆறாவது சேரப் போறது நீயா, அவளா? அது என்ன, வீட்டில் பேசும் மொழிங்கிற எடத்துல ‘இங்கிலீசு’ன்னு எழுதி வச்சிருக்க? யாரு பேசுறது? நேத்து உம் பொண்டாட்டி உன்னைய வஞ்சது வாய்க்கா வரைக்கும் கேட்டுச்சு. அதுல ஒரு வார்த்தை இங்கிலீசு இல்ல. இருந்திருந்தா உனக்குத்தான் புரிஞ்சிருக்காது.

வர்ற சனிக்கிழமை பெத்தவங்க ரெண்டு பேரும் பிள்ளையக் கூட்டிட்டு வரணுமாக்கும். பிள்ளைக்கு ஒரு கேள்வித்தாளு, உங்க ரெண்டு பேரையும் எதிர்க்க உக்கார வச்சு நாலு கேள்வி. பரீட்சையான்னு கேட்டா இல்லவே இல்லைங்கிறாங்க, சும்மா பேசிப் பாக்குறதாம். ஏன் அப்படிச் சொல்றாங்க தெரியுமா? 2010 ஏப்ரல் 1-லேருந்து அமல்ல இருக்கிற கல்வி உரிமைச் சட்டத்துல 13-ம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. எட்டாவது வரைக்கும் பிள்ளையச் சேக்குறதுக்குப் பிள்ளைக்கும் பரீட்சை வைக்கக் கூடாது, பெத்தவனுக்கும் வைக்கக் கூடாது. மீறி வச்சா மொதத் தடவை 25,000 ரூபா வரைக்கும் அபராதம், அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரைக்கும். அதனாலதான் தாளைக் கையில குடுத்துட்டு, இது பரீட்சை இல்லைங்கிறாங்க. நீயும் எழுதிக் குடுத்துட்டு, இது பதில் இல்லைன்னு சொல்லிட்டு வந்துரு.

என்னது, நீயுமா மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்க? பொழுதுபோக்கு என்னன்னு கேட்டா ‘ரீடிங்’னு சொல்லச் சொன்னானா உம் மச்சினன்? நீ கடைசியா முழுசா வாசிச்சது வெதநெல்லு மூட்டையில தச்சிருந்த சீட்டு. அதையும் பாதியில விட்டுட்டு எங்கிட்ட வந்து கேட்ட.

அடுத்தது கட்டட நிதி. கட்டடத்தைக் கட்டி முடிச்சு ஆர்ச்சும் வச்சாச்சு, நிதி மட்டும் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. அதுக்கும் அதே 13-ம் பிரிவுல வழி சொல்லியிருக்காங்க. சேர்க்கைக்கு நன்கொடை வாங்குனா, வாங்குனதுல பத்து மடங்கு வரைக்கும் அபராதம். ரொம்ப நல்ல சட்டம். ஆனா பத்தால பெருக்கணும்னா, பெருக்குறதுக்கு ஒரு தொகை காகிதத்துல இருக்கணுமில்ல? அதனால ரசீது கெடையாது. கணக்குப் பாடத்துல அந்தப் பள்ளிக்கூடம் கெட்டிங்கிறது இதுலயே தெரியுதேய்யா, நீ வேற எதுக்குக் கணக்கு வாத்தியாரைத் தேடுற!

ஃபீசுக்கும் ஒரு சங்கதி இருக்கு. தனியார் பள்ளிக்கூடக் கட்டணத்தை முறைப்படுத்த 2009-லயே தமிழ்நாட்டுல சட்டம் போட்டு, ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதி தலைமையில ஒரு கமிட்டி வச்சிருக்காங்க. இன்ன பள்ளிக்கூடம் இன்ன வகுப்புக்கு இம்புட்டுத்தான் வாங்கணும்னு அவங்கதான் நிர்ணயிக்கிறது. “கமிட்டி போட்ட தொகை எம்புட்டுங்க?”ன்னு அங்க ஃபீசு வாங்குற அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரு. கேக்க மாட்ட. தக்காளிக்கு அஞ்சு ரூபா கொறைக்கச் சொல்லி சந்தையவே கூட்டுற வாயி, ஏசி ரூமுக்குள்ள நொழஞ்சா ஒட்டிக்கும்.

கல்வி உரிமைச் சட்டத்து 25 சதவீத ஒதுக்கீட்டுல ஓசியா எடம் கெடைக்குமேங்கிறியா? கெடைக்கும், எல்.கே.ஜி.யிலயோ ஒண்ணாவதுலயோ நொழையிற பிள்ளைக்கு. ஆறாவதுக்கு நீ அதைக் கேட்டுப் போனா, பஸ்ஸு போயி அஞ்சாறு வருசம் ஆச்சு மருமகனே. நவோதயா? அது 1986-லேருந்து நாடு பூராம் ஆறாவதுல பிள்ளைகளச் சேத்து விடுதியில வச்சுப் படிக்க வைக்கிற பள்ளிக்கூடம். நாடு பூராம்னா நம்ம மாநிலம் நீங்கலா. இந்திப் பிரச்சினையில நாம வேண்டாம்னுட்டோம். விண்ணப்பம் போடணும்னா நீ மொதல்ல குடி மாறணும், புதுச்சேரிப் பக்கம் வாடகை விசாரி. உடுமலைப்பேட்டைப் பக்கம் அமராவதி நகர்ல 1962-லேருந்து சைனிக் பள்ளி ஒண்ணு இருக்கு. இப்பப் பொம்பளப் பிள்ளைகளையும் சேக்குறாங்க. ஆறாவதுக்கு நுழைவுத் தேர்வு 300 மார்க்கு, அதுல பாதி கணக்குக்கு. பிள்ளைக்கு ஆசை இருந்தா எழுதட்டும். உங்கிட்ட மட்டும் கணக்குக் கத்துக்க வேண்டாம்னு சொல்லி வையி.

இப்பக் கொஞ்சம் கிட்ட வா. இது சத்தமாச் சொல்ற சமாச்சாரம் இல்ல. ஊருக்குத் தெரிஞ்சா எல்லாப் பயலும் கிழக்குப் பள்ளிக்கூடத்துல வந்து நிப்பான், அப்புறம் எம் பேத்திக்கு பெஞ்சுல எடம் இருக்காது.

சர்க்காரு பல விசயத்துல கணக்கெழுத ஆரம்பிக்கிறது ஒண்ணாவதுல இல்ல மருமகனே, ஆறாவதுல. 2020-ல ஒரு சட்டம் போட்டாங்க. நீட்டுல தேறுன அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டாக்டர் படிப்புல 7.5 சதவீதம் எடம் தனி. யாரு அரசுப் பள்ளிப் பிள்ளை? ஆறாவதுலேருந்து பன்னெண்டாவது வரைக்கும் அங்கேயே படிச்ச பிள்ளை. அடுத்த வருசமே இஞ்சினியரிங்கு, விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாத்துக்கும் அதே 7.5-ஐக் கொண்டு வந்தாங்க. அந்தக் கணக்குல எடம் கெடைச்ச பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டிருது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, நம்ம பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் இதுல அடக்கம்.

நீ என்ன பண்ணுவ? ஆறாவதும் ஏழாவதும் டவுன்ல படிக்க வைப்ப. அதுக்குள்ள மழை ரெண்டு தடவை ஏமாத்தும், நெல்லு வெல விழும், வேன்காரன் வாசல்ல வந்து நிப்பான். எட்டாவதுக்குப் பிள்ளையக் கையில பிடிச்சுக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா கிழக்குப் பள்ளிக்கூடத்துக்கு வருவ. சேத்துக்குவாங்க, மாட்டோம்னு சொல்ல மாட்டாங்க. ஆனா அந்த 7.5 வாசல் சாத்துனது சாத்துனதுதான். ஏழு வருசத்துல ரெண்டு வருசம் கொறையுதேய்யா. கட்டட நிதி குடுத்தாலும் அது தொறக்காது.

இன்னொண்ணு. 2022 செப்டம்பர் 5-லேருந்து புதுமைப் பெண் திட்டம் இருக்கு. ஆறாவதுலேருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொம்பளப் பிள்ளை மேல படிக்கப் போனா, மாசம் 1000 ரூபா அவ பேங்கு கணக்குலயே விழும். உங் கணக்குல இல்ல, அவ கணக்குல, அதைக் கவனமா வச்சுக்க. ஆம்பளப் பயகளுக்கும் 2024-லேருந்து தமிழ்ப் புதல்வன்னு குடுக்குறாங்க.

மூணாவது சங்கதிதான் ரொம்பப் பேருக்குத் தெரியாது. சர்க்காரு வேலைக்கு ஆளெடுக்கிறப்போ தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீதம்னு 2010-ல சட்டம் வந்துச்சு. கடைசியில பட்டத்தை மட்டும் தமிழ்ல படிச்சுட்டு ஆளுக வந்து நின்னதும், 2020-ல திருத்தம் போட்டு இறுக்குனாங்க, இப்ப ஒண்ணாவதுலேருந்தே தமிழ் வழியில படிச்சிருக்கணும். எம் பேத்தி அஞ்சு வருசம் உக்காந்து அந்தச் சொத்தைச் சேத்து வச்சிருக்கா. நீ ஆறாவதுல மீடியத்தை மாத்துனா அம்புட்டும் ஒரே நாள்ல கரைஞ்சிரும். கவர்மெண்டு பள்ளிக்கூடத்துலயே இங்கிலீசு மீடியமும் இருக்கு. அதுல சேத்தா அந்த 7.5 போகாது, இந்த 20 போயிரும். சேக்காதன்னு சொல்லல. போறது எதுன்னு தெரிஞ்சு சேரு.

அரசு உதவி பெறும் பள்ளியும் அரசுப் பள்ளிதானங்கிறியா? அங்கதான் பாதிப் பேரு வழுக்கி விழுறான். உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்சா அந்த 1000 ரூபா உண்டு, 7.5 கெடையாது. அதனால பலகையில ‘அரசு’ன்னு மட்டும் இருக்கா, ‘அரசு உதவி பெறும்’னு இருக்கான்னு கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாசி. ரீடிங்குதான உன் பொழுதுபோக்கு! அப்படியே அடுத்த வார்த்தையையும் பாரு. நடுநிலைப் பள்ளின்னா எட்டாவதோட முடியும், உயர்நிலைன்னா பத்தாவதோட. மேல்நிலைக்குப் போனாத்தான் பன்னெண்டு வரைக்கும் ஒரே வாசப்படி. எட்டு முடிச்சு ஒரு தடவை, பத்து முடிச்சு ஒரு தடவைன்னு டி.சி.க்கு அலையறதுல உனக்கு ஆசை இருந்தா அது வேற.

அங்க பாலும் தேனும் ஓடுதுன்னு நான் சொல்லவே இல்ல. போயி நீயே பாரு. மொதல்ல கக்கூஸைப் பாரு. கதவு இருக்கா, தாழ்ப்பாள் விழுதா, தண்ணி வருதா? பத்து வயசு தாண்டுற பொம்பளப் பிள்ளைக்கு நீச்சல் குளத்தை விட அதுதான்யா முக்கியம். அந்த டவுன் பள்ளிக்கூடத்துல அதையும் நீ பாக்கலைன்னு எனக்குத் தெரியும். அப்புறம் கணக்குக்கு ஆள் இருக்கா, அறிவியலுக்கு இருக்கா, காலிப் பணியிடமான்னு விசாரி. ஆறுலேருந்து எட்டு வரைக்கும் 35 பிள்ளைக்கு ஒரு வாத்தியாருன்னும், கணக்கு அறிவியலுக்கு ஒருத்தர், சமூக அறிவியலுக்கு ஒருத்தர், மொழிக்கு ஒருத்தருன்னு கொறைஞ்சது இருக்கணும்னும் கல்வி உரிமைச் சட்டத்து அட்டவணையிலயே இருக்கு. ஹெட்மாஸ்டரு எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாரு, அது அவரு உத்தியோகம். சத்துணவு ஆயாகிட்ட ரெண்டு வெத்தல குடுத்துக் கேளு. எந்த வாத்தியாரு எத்தனை மணிக்கு வருவாரு, எந்த டீச்சரு பிள்ளைகளைச் சாயங்காலமும் உக்கார வச்சுச் சொல்லிக் குடுக்குதுன்னு அம்புட்டும் அந்தம்மாவுக்குத் தெரியும்.

கொறை இருந்தா என்ன செய்யறதா? பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கு. அதுல நாலுல மூணு பங்கு பெத்தவங்கதான் இருக்கணும், மொத்தத்துல பாதி பொம்பளைக. நீ அதுக்குச் சரிப்பட மாட்ட, டீயும் வடையும் வந்ததும் எல்லாத்துக்கும் தலையாட்டிருவ. உம் பொண்டாட்டியச் சேத்து விடு. வாய்க்கா வரைக்கும் கேக்குற கொரலு ஹெட்மாஸ்டர் ரூமுக்குக் கேக்காமயா போகும்?

காகிதத்துக்கு வருவோம். எந்தப் பள்ளிக்கூடமா இருந்தாலும் இதுல சிக்காம தப்பிக்க முடியாது. பொறப்புச் சான்றிதழ்ல ‘பாண்டி மீனா’ன்னு ரெண்டாப் பிரிச்சிருக்கு. ஆதார்ல சேத்து எழுதியிருக்கு. ரேசன் கார்டுல வெறும் ‘மீனா’. சர்க்காரு கணக்குப்படி உனக்கு மூணு பொண்ணு இருக்கு, மூணுல யாரைச் சேக்கப் போற? சிரிக்காத. இப்பப் பள்ளிக்கூடத்துல எல்லாம் எமிஸ்ங்கிற கம்ப்யூட்டர் பதிவு. ஒண்ணாவதுல குடுத்த நம்பரே கூடவே வரும். அஞ்சாவது முடிஞ்சதும் பழைய பள்ளிக்கூடத்துல பிள்ளையப் பொதுத் தொகுப்புல விடுவாங்க, புதுப் பள்ளிக்கூடத்துல அங்கேருந்து எடுத்துக்குவாங்க. அதுல பேரு எப்படி இருக்கோ அப்படியே பத்தாவது மார்க்குச் சீட்டு வரைக்கும் ஓடும். இனிசியலு, பொறந்த தேதி, தமிழ் எழுத்து, இங்கிலீசு எழுத்து எல்லாத்தையும் இந்த ஏப்ரலுக்குள்ள ஒண்ணாக்கிரு. எங்க காலத்துல வலது கையத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடச் சொல்லுவாரு வாத்தியாரு. தொட்டவனுக்கு அஞ்சு வயசு. தேதிய அவரே போட்டுக்குவாரு. எஞ்செட்டு ஆளுகள்ல பாதிப் பேரு மே மாசத்துல பொறந்தது அப்படித்தான். உனக்கு அந்தச் சவுகரியம் இல்ல.

சாதிச் சான்று எடுக்கலைன்னா இ-சேவை மையத்துல இப்பவே போட்டு வையி. ஜூன் மாசம் அங்க ஊரே நிக்கும். டி.சி. வர ரெண்டு நாளு முன்னப் பின்ன ஆனாலும் அதைச் சாக்கு வச்சுப் பிள்ளையச் சேக்காம இருக்கக் கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டத்துல 5-ம் பிரிவு சொல்லுது. ஃபீசு பாக்கின்னு டி.சி.யில எழுதக் கூடாதுன்னு சென்னை ஐகோர்ட்டு 2024-ல சொல்லியிருக்கு. அது உனக்கு இப்ப வேண்டாம், டவுன்லேருந்து திரும்பி வர்றப்ப வேண்டியிருக்கும், முடிஞ்சு வச்சுக்க.

காலைச் சாப்பாட்டை மறந்துட்டேனே. இப்பப் பள்ளிக்கூடத்துல போடுற உப்புமா, பொங்கலு அஞ்சாவது வரைக்குந்தான். ஆறாவது போனா மத்தியானச் சோறும் முட்டையும் உண்டு, காலையில வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் போகணும். அதுக்கு விண்ணப்பம் போட வழியில்ல, யாராச்சும் வெள்ளன எந்திரிச்சு அடுப்புப் பத்த வைக்கணும். உம் பொண்டாட்டி களையெடுக்கப் போறவ. நீ எந்திரி. இட்லி அவிக்கிறதை இப்பலேருந்தே பழகிக்க. அதுக்கு நுழைவுத் தேர்வு கெடையாது.

நாளைக்குப் பத்தரை மணிக்குக் கிழக்குப் பக்கம் போ, மொகத்தைத் திருப்பிக்காம. அங்க விண்ணப்பத்துக்கு வெல இல்ல, வீட்டுல என்ன பாஷை பேசுறன்னு உன்னைய உக்கார வச்சு அளக்க மாட்டாங்க. பாத்துட்டு வந்தும் டவுனுதான் ஒசத்தின்னு தோணுச்சுன்னா, தாராளமா அங்க சேரு, நானே வந்து வேன்ல ஏத்தி விடுறேன்.

ஆமா, கட்டட நிதிக்குன்னு நெல்லு வித்த காசை எடுத்து வச்சிருந்தியே, அதை இன்னும் கட்டலைல? இடுப்புலயேவா இருக்கு? அட, எதுக்குய்யா பதறுற. எங் கெணத்து மோட்டாருக்குக் காயிலு கட்டணும், கடைக்காரன் கடன் சொல்ல மாட்டேங்குறான். அதுல ஒரு அஞ்சாயிரத்தை இங்கிட்டுத் தள்ளு. அறுப்பு முடிஞ்சதும் பாப்போம். ரசீதெல்லாம் நானும் குடுக்க மாட்டேன்.